எச்சரிக்கை: 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா கொடுத்து அழுகிற சுவரை வாங்கினேன்

நேற்றுப் பிற்பகல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்து, ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதே இந்தப் பதிவின் முதல் வரிகளைத் தொலைபேசியில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன். கோபம் ஆறிவிட்டால், ‘சரி, போனது போகட்டும்’ என்று நானும் இருந்துவிடுவேன் என்ற பயம்தான் காரணம். வீடு கட்டும் எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும்படி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை முடிவில் ஒழுங்காகத் தருகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. விடயம் மத்தியஸ்த சபைக்குப் போகவிருப்பதால் இப்போதைக்கு அது முறையல்ல. சமூக ஊடகத்தில் ‘பசுமை வீடு’ என்று விளம்பரம் செய்து, பிரதான வீதியோரம் ஒரு காட்சிக்கூடமும் வைத்திருக்கும் கட்டுமானப் பொருள் விற்பனை நிலையம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

நான் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். அம்மா 31 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி, 7 பேர்ச்சஸ் காணியில் உள்ள சிறிய வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்தில் இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம். அதற்கென்று தனது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார். எங்களுடையது சரிவுக் காணி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிய நாளுக்குப் பிறகு, மலையகத்தில் ஒரு கல்லை வைப்பவரும் மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். ஆகவே கனமான சீமெந்துக் கல்லுக்குப் பதிலாக, பொக்ஸ் பார் எனும் சதுர இரும்புக் குழாயில் சட்டம் அடித்து இலேசான சுவர்ப் பெனல் பொருத்தலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகவே பட்டது. யோசனையில் இன்றும் பிழை காணவில்லை. கொடுத்த பொருளில்தான் பிழை.

காட்சிக்கூடத்தில் இருந்த இளைஞர் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை என்பதை இப்போது விசாரித்து அறிந்திருக்கிறேன். சாதாரண சீமெந்தைச் சுடும் சூளைக்கு ஏறக்குறைய 1,450 பாகை வெப்பம் வேண்டும் என்றும், அவருடைய பெனலின் இரு முகத்திலும் உள்ள மக்னீசியப் பலகைக்கு அதில் பாதியளவு வெப்பம் போதும் என்றும் சொன்னார். இரும்புத்தாதையும் நிலக்கரியையும் ஊதுலையில் போட்டு எடுக்கும் ஒரு தொன் உருக்கு 2 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறது என்றும், பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடும் என்றும் சொன்னார். படித்த பிள்ளை என்று நினைத்தேன். நானும் வகுப்பில் கைத்தொழில் புரட்சியையும் நிலக்கரிப் புகையையும் படிப்பிப்பவன் அல்லவா, பூமிக்கு நம்மால் ஆன சிறு நன்மை என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

ஆனாலும் நாங்கள் மடங்கியது அந்தப் பேச்சுக்கு அல்ல. அவர் ஒரு பெனல் துண்டை நிறுத்திவைத்து, காஸ் விளக்கின் நீலச் சுவாலையை ஒரு முகத்தில் பிடித்தார். பலகை கறுத்தது, பற்றவில்லை. சுவாலையை நிறுத்தாமலே அம்மாவின் பக்கம் திரும்பி, “அம்மா, பின்னால கை வச்சுப் பாருங்க, சூடு இருக்கா?” என்றார். அம்மா தயங்கித் தயங்கி உள்ளங்கையை வைத்தார். சூடு இல்லை. ஒரு லயம் முழுவதும் ஒரே இரவில் எரிந்ததைப் பக்கத்துத் தோட்டத்தில் நின்று பார்த்தவர் அவர். “தம்பி, அடுப்புப் பக்கம் வச்சாலும் பத்தாதா?” என்று கேட்டார். “ஒங்க பேரப்பிள்ளைக காலத்துக்கும் பத்தாதும்மா” என்று பதில் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பணம் கைமாறிவிட்டது என்று சொல்ல வேண்டும், மீதி எல்லாம் எழுத்து வேலை. நெருப்பைப் பற்றி அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை, அந்தப் பலகை எரியாது. ஆனால் எங்கள் மஸ்கெலியாப் பக்கத்தில் சுவருக்கு எதிரி நெருப்பு மட்டும்தானா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு இதுதான். பெனல் 36, ஒன்று 11,500 ரூபா வீதம் 414,000. அத்திவாரத்துக்கும் தூண்களுக்கும் ‘குறைந்த காபன்’ 12 மில்லிமீற்றர் கம்பி 90, ஒன்று 2,150 ரூபா வீதம் 193,500. பொக்ஸ் பார், திருகாணி, லொறிக் கூலி எல்லாம் சேர்த்து 132,500. மொத்தம் 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. மார்ச் 4 ஆம் திகதி அட்வான்ஸாக 444,000 ரூபாவை ஒரு தனிநபர் கணக்கில் வைப்பிலிட்டோம். பொருட்கள் வந்திறங்கிய மார்ச் 18 ஆம் திகதி மிகுதி 296,000 ரூபாவைக் கையில் கொடுத்தோம். எங்கள் டவுன் ஹார்ட்வெயாரில் அதே கம்பி 500 ரூபாவால் மலிவு என்று தெரிந்தும், சுற்றாடலுக்காகக் கூடுதலாக 45,000 ரூபா கொடுத்தேன். ஆதாரம் கேட்டதற்கு உடனே ஒரு சான்றிதழைக் காட்டினார். அதில் ‘லோ கார்பன் ஸ்டீல்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது, கீழே காபன் 0.18 வீதம் என்றும் இருந்தது. நான் தலையாட்டினேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே சுவர் எழும்பிவிட்டது. பார்ப்பதற்கு வழவழப்பாக, நேராக, அழகாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அதைத் தடவிப் பார்ப்பார்.

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கியது. நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்குத் தூரமில்லை. மழை விட்டாலும் மூடுபனி விடாது, உலர்த்திய துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஒரு காலையில் உட்சுவரில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறிப் பார்த்தால் எல்லாம் உலர்ந்திருந்தது. துடைத்தோம், அரை மணித்தியாலத்தில் மறுபடியும் கோத்தது. ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்தும் தேநீர்ச் சாயம் போன்ற ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது. அம்மா ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “என்னடா இது, உப்புக் கரிக்குது?” என்றார்.

சுவரில் உப்பு எங்கிருந்து வரும்? அதற்கான விடையை, தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பாவின் மகன்தான் தேடித் தந்தான். மக்னீசியம் ஒட்சைட்டோடு மக்னீசியம் குளோரைட்டுக் கரைசலைச் சேர்த்து இறுகவைப்பது ஒரு பழைய வகைச் சீமெந்து. 1867 ஆம் ஆண்டில் சொரெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது, இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சரியாகச் சேராமல் மிஞ்சும் குளோரைட்டு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்புநீராகக் கசியும். அந்த நீர் பட்ட இரும்பு துருப்பிடிக்கும். 2010 களில் டென்மார்க்கில் கட்டடங்களின் வெளிச்சுவரில் காற்றுத் தடுப்பாக இதே வகைப் பலகைகளைப் பொருத்தி, அவை கண்ணீர் வடிப்பதைப் பார்த்துவிட்டுக் கழற்றி மாற்ற நேர்ந்ததாம். குளோரைட்டுக்குப் பதில் சல்பேற்று சேர்த்துச் செய்யும் பலகைகளும் உண்டு, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. உலர்ந்த இடத்தில், உட்பிரிப்புச் சுவராக வைத்தால் என்னுடைய பலகையும் ஒருவேளை ஒழுங்காக இருந்திருக்கும். மழை நாடு என்று தெரிந்து, மழைக்கால வெளிச்சுவருக்கு அதை விற்றதுதான் அநியாயம்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் அழைப்பில் அந்த இளைஞர், “அது வேர்வை சேர், வீடு புதுசுல்ல, மழை முடிஞ்சா நின்னுடும்” என்றார். இரண்டாவது அழைப்பில், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். திறந்து வைத்தோம், மூடுபனி உள்ளே வந்து குடியேறியது. மூன்றாவதில் பிழை, சட்டம் அடித்துப் பெனல் பொருத்திய வெல்டிங் பாஸுடையது என்றார்கள். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போட்டிருக்க வேண்டுமாம், நாங்கள் போட்டதோ அவர்களே பணம் வாங்கிக் கொடுத்த திருகாணி. பிறகு தொழில்நுட்ப அதிகாரி லீவில் இருந்தார். பிறகு அவர் கொழும்புக்குப் போயிருந்தார். பிறகு ஒரு நாள், சுவருக்குப் பூசும் ஒரு திரவத்துக்கு 38,000 ரூபாவுக்குக் கொட்டேஷன் வட்ஸ்அப்பில் வந்தது. அழுகிற சுவருக்கு முகப்பூச்சு! மறுத்து எழுதினேன், அன்றிலிருந்து என் இலக்கம் தடுக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் தொலைபேசியிலிருந்து எடுத்தபோது அதே இளைஞர், “வணக்கம், என்ன பெனல் பாக்குறீங்க?” என்று அதே இனிப்போடு கேட்டார். பெயரைச் சொன்னதும் சிக்னல் இல்லை என்றார்.

கம்பி விடயத்தைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். மிஞ்சிக் கிடந்த 14 கம்பிகளை மழையில் நனையாமல் ஓரமாக அடுக்கும்போது, ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “இது இலேசா இருக்கே” என்றார். கொழுந்து மடுவத்தில் 31 வருடம் தராசு முள்ளைப் பார்த்து நின்றவரின் கை அது. நான் சிரித்தேன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் ஒரு தராசை இரவல் வாங்கி வந்து, 10 கம்பிகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டோம். கணக்கு எளிது: விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றருக்கு 0.889, ஆறு மீற்றர்க் கம்பி ஒன்றுக்கு 5.33, பத்துக்கு 53.3 கிலோ வர வேண்டும். தராசு காட்டியது 45.8. நியமத்தில் சில வீதம் கூடக்குறைய இருக்கலாம், 14 வீதம் குறைய இடமில்லை. 12 என்று விற்ற கம்பி உண்மையில் 11 ஐச் சற்றே தாண்டியது. மற்ற 76 கம்பிகளும் இப்போது கொங்கிறீட்டுக்குள் இருக்கின்றன. அவற்றை எந்தத் தராசில் வைப்பது?

அந்தச் சான்றிதழைச் சித்தப்பாவின் மகனிடம் காட்டியபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. ‘லோ கார்பன் ஸ்டீல்’ என்றால் உருக்குக்குள் கலந்திருக்கும் காபன் குறைவு என்று அர்த்தமாம். வெல்டிங்குக்கு வளைந்து கொடுக்கும் சாதாரண மென்னுருக்குக்கே அந்தப் பெயர் காலங்காலமாக உண்டு. ஆலையிலிருந்து எவ்வளவு புகை வெளியேறியது என்பதற்கும் அந்த 0.18 க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புகைக்கணக்கைக் காட்டுவது வேறு ஆவணம், சுற்றாடல் பொருள் அறிவிப்பு என்பது. அதில் ஒரு தொன்னுக்கு இத்தனை கிலோ காபனீரொட்சைட்டு என்று, மூன்றாம் தரப்பு ஒன்று சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நமது நாட்டில் இரும்புத்தாது உருக்கும் ஊதுலை கிடையாது; உள்ளூர்க் கம்பி இறக்குமதிப் பில்லட்டை, அதாவது வார்த்த உருக்குக் கட்டையை, உருட்டியோ, பழைய இரும்பை மின்னுலையில் உருக்கியோதான் வருகிறது. நான் ஏளனமாகக் கடந்து வந்த டவுன் ஹார்ட்வெயார்க் கம்பியே அந்த 45,000 ரூபாக் கம்பியைவிடப் புகை குறைந்ததாக இருந்திருக்கலாம்.

நேற்று அதிகார சபைக்குப் போனேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு மார்ச் 18 இலிருந்து எண்ணினாலும் ஜூன் 18 உடன் முடிந்துவிட்டது. அங்கிருந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார், அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ‘மழை முடிஞ்சா நின்னுடும்’, ‘அதிகாரி லீவு’, ‘கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்று ஐந்து வாரம் இழுத்தது எதற்காக என்பது அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் விளங்கியது. கையில் பில்லும் இல்லை. கொட்டேஷனும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய ஒரு துண்டும்தான். 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கு ஒரு துண்டுக் கடதாசி.

ஆலோசனை தருவதாகச் சொன்னேன். விரிவாக எழுதப் பொறுமை இல்லை, அவசரமாகச் சில மட்டும். கம்பியை இறக்கும்போதே நிறுத்துப் பாருங்கள், இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 375 முத்திரை உண்டா என்றும் பாருங்கள். மக்னீசியப் பலகை என்றால் குளோரைட்டா சல்பேற்றா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வெளிச்சுவருக்கு வாங்க வேண்டாம். ஒரு துண்டை வாங்கிவந்து மழைக்காலத்தில் இரண்டு வாரம் வெளித் தாழ்வாரத்தில் வைத்து, நக்கிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். குறை தெரிந்த அன்றே எழுத்தில் முறையிடுங்கள், அவர்களுடைய அதிகாரி லீவிலிருந்து வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னும் இரண்டு மூன்று இருந்தன. அம்மா உள்ளிருந்து கூப்பிடுகிறார், சுவரோரம் விரித்த சாக்கு மறுபடி நனைந்துவிட்டதாம், மாற்ற வேண்டும்.