டக்ட் கழுவ வந்தவர்களிடம் 64,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தோம், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீங்க

நேற்றுப் பின்னேரம் கடைசியாக, ஏசிக் காற்று ஓடுகிற குழாயை (அதைத்தான் டக்ட் என்கிறார்கள்) கழுவ வந்தவர்களின் இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு தரம் அடித்து வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. தங்கச்சியின் போனிலிருந்து எடுத்தால் உடனே "ஹலோ" என்கிறார்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். 64,500 ரூபாய். ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் அது எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் ஏசி வைத்திருக்கிற, வீட்டில் ஈரப் பிரச்சினை இருக்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இந்த மாரியில் அவர்கள் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போவார்களோ தெரியாது.

எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஐப்பசி பிறந்தால் உடுப்புக் காயாது, உப்புப் போத்தலில் தண்ணி நிற்கும், அலுமாரியில் வைத்த தோல் பை பச்சை பிடித்துவிடும். இதெல்லாம் இங்கே பழகின விஷயம். ஆனால் எங்கள் மாடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2017ல் மாடி கட்டும்போது கனடாவில் இருக்கிற அண்ணா, சுவரில் மாட்டுகிற ஏசி வேண்டாம், அங்கே வீடுகளில் இருப்பதுபோல ஒரே மெஷினும் கூரைக்குள்ளால் ஓடுகிற குழாய்களும் வையுங்கள் என்று காசு அனுப்பினார். அம்மாவுக்கு எந்த அறையில் இருந்தாலும் ஒரே மாதிரிக் குளிர்மை கிடைக்க வேணும் என்பது அவருடைய ஆசை. சீலிங்கில் காற்று வெளியே வர 8 கிறில் (கம்பித் தட்டு). அங்கே குளிர்காலத்தில் அந்தக் குழாய்களுக்குள்ளால் சூட்டுக் காற்று ஓடும். இங்கேயோ வருஷம் முழுக்கக் குளிர்காற்று, குழாய்க்கு வெளியே கூரைக்குள் வெக்கையும் புழுக்கமும். இந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் அப்போது யோசிக்கவில்லை.

போன வருஷ மாரியிலேயே அம்மாவின் அறைக் கிறிலைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கின. இந்த ஐப்பசியில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. ஏசியைப் போட்டால் நனைந்த சாக்கு மணம். "என்ன புள்ள இது, ஆரும் ஈரத் துணிய மேல போட்டு வெச்சிரிக்காங்களா" என்று அம்மா கேட்டா. அவவுக்கு முட்டு வருத்தம் இருக்கிறது. இரவில் இருமல் கூடிக்கொண்டே போனது.

அந்த நேரம்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. பழைய சாமான் வாங்கி விற்கிற, வேலையாட்களும் விளம்பரம் போடுகிற ஒரு தளம். "முழு வீட்டு டக்ட் சுத்திகரிப்பு, பூஞ்சணம் நீக்கம், 4,500 ரூபாய் மட்டும்." கீழே நிறைய நட்சத்திரம், "நல்ல சேவை", "நம்பிக்கையானவர்கள்" என்று பத்துப் பதினைந்து பேர். நானும் நம்பி இலக்கத்தை அழுத்தினேன்.

அடுத்த நாளே இரண்டு பேர் ஒரு வெள்ளை வான் வண்டியில் வந்தார்கள். பெரியவர் போலிருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். தாங்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான், ஆரையம்பதியில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "அம்மா, ராவையில இழுப்பு வருதா? படுத்தா கூடவா, இருந்தா கூடவா?" என்று கேட்டார். ஒரு டொக்டர் கேட்கிற மாதிரி. அம்மா இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் நம்பினது அந்த இடத்தில்தான். மெஷினைப் பார்த்தோ விளம்பரத்தைப் பார்த்தோ இல்லை. அம்மாவின் மூச்சைப் பற்றி அவர் கேட்ட விதத்தைப் பார்த்துத்தான்.

பிறகு மேலே போய் ஒரு கிறிலைக் கழற்றினார். கமரா பூட்டின ஒரு வயரை உள்ளே விட்டு, போனில் படத்தைக் காட்டினார். கறுப்புக் கறுப்பாக, பஞ்சு பஞ்சாக, பார்க்கவே வயிற்றைப் பிரட்டியது. "அக்கா, இதைத்தான் அம்மா ஒவ்வொரு ராவும் சுவாசிக்கிறா. இன்னும் ரெண்டு மாசம் விட்டா நெஞ்சுக்குள்ள பிடிச்சிரும்." நான் பயந்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தா.

அதற்குப் பிறகு கணக்கு மாறியது. 4,500 என்பது "வந்து பார்த்து மெஷினை மட்டும் துடைக்க". ஒரு கிறிலுக்கு 3,500, எட்டுக்கு 28,000. பூஞ்சணம் திரும்ப வராமல் இருக்க மருந்துப் புகை 32,000. மொத்தம் 64,500. "மருந்து வெளிநாட்டுச் சாமான் அக்கா, ரெண்டு வருஷம் உத்தரவாதம்." 30,000ஐ அங்கே நின்றபடியே வங்கிக் கணக்குக்குப் போட்டேன். மிச்சம் 34,500 காசாக. அந்தக் காசு அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்தது.

ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. எட்டுக் கிறிலும்! வீட்டில் தரை கூட்டுகிற மாதிரி ஒரு சின்ன வேக்யூம், அதன் குழாயை ஒரு முழம் உள்ளே விட்டார்கள், எடுத்தார்கள். மருந்துப் புகை என்றது தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப் பம்ப் மாதிரி ஒன்று. தேசிக்காய் மணம். ஒரு கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு "வட்ஸ்அப்பில அனுப்புறன் அக்கா" என்றார். இன்றுவரை வரவில்லை.

அன்றிரவு அம்மாவுக்கு இழுப்பு முன்னைவிடக் கூடிவிட்டது. இரண்டு மணிக்கு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் பிடித்தோம். மூக்கில் மாஸ்க்கோடு அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "காசு குடுத்தது வீணில்லதானே புள்ள" என்று கேட்டா. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஒன்பது நாள் மணம் இல்லை. பத்தாம் நாள் விடிய விடிய மழை. காலையில் அம்மாவின் கட்டிலில் தண்ணி. கிறிலின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. இரண்டு கிழமையில் கறுப்புப் புள்ளிகள் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் இந்த அலைக்கழிப்பு. முதல் தரம் எடுத்தபோது "மழை விட்டதும் வாறம் அக்கா." இரண்டாம் தரம், "தம்பி கொழும்புக்குப் போயிட்டார், திங்கள் வருவார்." திங்கள் வந்து போனது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை வேறொரு இலக்கத்திலிருந்து எடுத்து, "நீங்க வேலை திருப்தி எண்டு கார்டில சைன் வெச்சிருக்கீங்கதானே மெடம்" என்றது. உத்தரவாதம் என்னாச்சு என்று கேட்டேன். "உங்கட வீட்டில ஈரம் இருக்கு. ஈரமான வீட்டுக்கு உத்தரவாதம் செல்லாது" என்றது. ஈரம் இருக்கிறது என்றுதானே உங்களைக் கூப்பிட்டேன்? ஈரத்தால் வந்த பூஞ்சணத்துக்கு என்று சொல்லித்தானே 64,500 வாங்கினீங்கள்? கடைசியில், இன்னொரு 18,000 தந்தால் "இரண்டாம் சுற்று மருந்து" அடிக்கலாம் என்றார்கள். விளம்பரம் போட்ட தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. அந்த விளம்பரம் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

பிறகு பக்கத்து வீட்டு மாமா, காத்தான்குடியிலிருந்து வயதான ஒரு ஏசி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அந்த நானா யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஏணி வைத்து, டோர்ச்சைக் கடித்துக்கொண்டு கூரைக்குள் ஏறினார். இருபது நிமிஷம். இறங்கி வந்தபோது கையில், குழாயைச் சுற்றிப் போட்டிருக்கிற வெள்ளிக் கடதாசி சுற்றின பஞ்சில் ஒரு துண்டு. என் கண் முன்னால் பிழிந்தார். தண்ணி முழங்கைவரை வழிந்தது.

"மகள், ஐஸ் தண்ணிக் கிளாஸை மேசையில வெச்சா வெளியில வேர்க்கும்தானே. உங்கட டக்டும் அதேதான்" என்றார். குழாயின் ஒரு மூட்டில் டேப் விட்டுப் போயிருக்கிறது. குளிர்காற்று கூரைக்குள் போகிறது, கூரைக்குள் உள்ள புழுக்கம் குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணியாகிறது. அந்தத் தண்ணிதான் பஞ்சில் ஊறி சீலிங்கில் இறங்குகிறது. மெஷினிலிருந்து தண்ணி வெளியே போகிற குழாய் பாசி பிடித்து அடைத்துவிட்டது, மெஷினுக்குக் கீழே தண்ணி சேருகிற தட்டு நிரம்பி வழிகிறது. பாத்ரூம் காற்றாடியை வெளியே விடாமல் கூரைக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள், குளிக்கிற நீராவியெல்லாம் அங்கேதான். இன்னொன்றும் சொன்னார்: அந்த மாடிக்கு மெஷின் பெரிது. சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அறை குளிரும், ஆனால் ஈரமாகவே இருக்கும். அவர் கொண்டுவந்த ஈரமானியை அம்மாவின் கட்டிலில் வைத்தார். 78 வீதம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் குழாய் வட்டமானது, உள்ளே சுருள் கம்பி ஓடுகிற வளையக்கூடிய குழாய். அன்றைக்கு அவர் போனில் காட்டினது சதுரத் தகரக் குழாய், மூலையில் ஆணி அடித்த அடையாளம்கூட இருந்தது. அது எங்கள் வீடே இல்லை. யாருடைய வீட்டுப் படத்தையோ காட்டி அம்மாவைப் பயப்படுத்தியிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அண்ணாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். கனடாவில் டக்ட் கழுவுகிறோம் என்று போன் எடுத்து மலிவு விலை சொல்லி, வீட்டுக்கு வந்து கணக்கை ஏற்றுகிற ஏமாற்று பழசாம். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இதைப்பற்றி எழுதியதை எடுத்து வாசித்துக் காட்டினார். டக்ட் கழுவுவது நோயைத் தடுக்கும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்றே அதில் இருக்கிறது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தாலோ, எலி பூச்சி இருந்தாலோ, தூசியால் குழாய் அடைத்திருந்தாலோ கழுவலாம். ஆனால் ஈரம் வருகிற காரணத்தைத் திருத்தாவிட்டால் பூஞ்சணம் திரும்ப வரும். நனைந்து பூஞ்சணம் பிடித்த பஞ்சைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது, கழற்றிப் புதிது போடத்தான் வேணும். வீட்டுக் காற்றின் ஈரம் 60 வீதத்துக்குக் கீழே இருக்க வேணும். ஒழுங்காகக் கழுவுகிறவர்கள் மற்ற வாய்களை மூடி, பெரிய உறிஞ்சியைப் பூட்டி, உள்ளே பிரஷ் விட்டுத் தட்டி எடுப்பார்கள், மெஷினின் குளிர்ச் சுருளையும் தண்ணித் தட்டையும் சேர்த்துக் கழுவுவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தட்டை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காத்தான்குடி நானா அடைத்த குழாயை ஊதித் திறந்து, மூட்டுக்கு டேப் சுற்றிவிட்டு 3,500 ரூபாய் மட்டும் வாங்கினார். பஞ்சு மாற்றுகிற வேலை மழை முடிந்ததும். வேலை உண்மையில் எங்கே இருந்தது என்று பாருங்கள். நாங்கள் 64,500ஐக் கொடுத்தது தேசிக்காய் மணத்துக்கு.

நிறைய ஆலோசனை எழுத வேணும் என்றுதான் தொடங்கினேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இதைமட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கமராவில் காட்டினால், அது உள்ளே போக முன் அதற்கு முன்னால் உங்கள் கையை ஆட்டி, கை படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணி எங்கிருந்து வருகிறது என்று சொல்லாதவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீங்க. முட்டு வருத்தக்காரர் இருக்கிற வீட்டில் பெயர் தெரியாத மருந்தை அடிக்க விடாதீங்க, போத்தலை வாங்கி வாசியுங்கள். பற்றுச்சீட்டு கைக்கு வராமல் காசு கைமாறக் கூடாது. ஏமாந்திருந்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977க்கு எடுங்கள், மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுங்கள். நான் வங்கியில் போட்ட 30,000க்கான துண்டை வைத்து எழுதிவிட்டேன். காசாகக் கொடுத்த 34,500க்கு என்னிடம் ஒரு துண்டும் இல்லை.

வெள்ளை வான் ஒன்றில் இரண்டு பேர் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கு இழுப்பு என்று கேட்டால் கதவைச் சாத்துங்கள். கல்முனைப் பக்கமும் போயிருக்கிறார்கள் என்று தங்கச்சியின் சிநேகிதி சொன்னது.

அம்மா இப்போது கீழே ஹோலில் படுக்கிறா. மாடியைப் பூட்டி வைத்திருக்கிறோம். வாவிப் பக்கம் திரும்ப இருட்டிக்கொண்டு வருகிறது, நான் மேலே போய்க் கட்டிலை இழுத்துவிட்டு வாளியை வைக்க வேணும்.