என் போனில் ஒளிந்திருந்த வேவு ஆப்: மூன்று வருட அனுபவம்

திருப்பூரில் பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு, மற்ற கம்பெனிகளுக்குப் பீஸ் கணக்கில் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவன் நான். 2022 கடைசியில் மூன்று ஆர்டர் அடுத்தடுத்துக் கைவிட்டுப் போயின. மூன்றிலும் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரேட்டைவிடப் பீஸுக்கு 25 பைசா, 50 பைசா குறைத்து ஒரே ஆள் கொட்டேஷன் கொடுத்திருந்தார். என் பழைய கூட்டாளி. கணக்கு முடிக்க வந்தவர் ஒரு நாள், "குடுங்கண்ணா, பணம் ஏன் போக மாட்டேங்குதுன்னு பாக்கறேன்" என்று என் போனை வாங்கி, ஒரு டீ குடிக்கும் நேரம் கையில் வைத்திருந்தார். அது நினைவுக்கு வரவே எனக்கு மூன்றாவது ஆர்டர் போக வேண்டியிருந்தது.

யூடியூபில் சொல்லும் அறிகுறி எதுவும் என் போனில் இல்லை. சூடாகவில்லை, சார்ஜ் சட்டென்று இறங்கவில்லை, டேட்டா வழக்கம்போலத்தான் செலவானது. ஸ்டார் ஹேஷ் 21 ஹேஷ் போட்டால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். போட்டேன். அது கால் ஃபார்வர்டிங் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். ஆப் ஒளிந்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காசு கட்டி ஒரு ஆன்டிவைரஸும் போட்டேன். முழு ஸ்கேன் முடிந்து பச்சை டிக் வந்தது. அந்த டிக்கை நம்பி இன்னும் பத்து நாள் ரேட் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் துப்பு பிளே ஸ்டோருக்குள் கிடைத்தது. ஆபத்தான ஆப் இருக்கிறதா என்று போனைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் ஆஃப் ஆகியிருந்தது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. இந்த வகை ஆப்களைப் போடுவதற்கு முன்னால் அதை அணைக்கச் சொல்லித்தான் அவற்றை விற்கிறவர்களே வழிகாட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பூட்டை உடைக்க வருகிறவன் முதலில் காவல் நாயைக் கட்டிப்போடுகிற மாதிரி.

அதை ஆன் செய்துவிட்டு செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குப் போனேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக இருக்கும் வசதி அது. அந்த அனுமதியைப் பெற்ற ஆப், வந்த மெசேஜ், நாம் டைப் செய்யும் மெசேஜ் இரண்டையும் திரையிலிருந்தே படித்துவிடும். வாட்ஸ்அப் என்னதான் குறியாக்கம் செய்தாலும் திரையில் எழுத்தாகத்தானே வரவேண்டும்? அங்கே "சிங்க் சர்வீஸ்" என்று ஒன்று, பல்சக்கரப் படத்தோடு, ஆன் நிலையில் இருந்தது. ஹோம் ஸ்கிரீனில் அதற்கு ஐகானே கிடையாது. எல்லா ஆப்களையும் காட்டும் நீளப் பட்டியலில் மட்டும், சிஸ்டம் ஆப் மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

என் போன் ஆண்ட்ராய்டு 12. கேமராவோ மைக்கோ ஓடினால் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். அந்தப் புள்ளியை நம்பித்தான் நான் தைரியமாக இருந்தேன். திரையைப் படிப்பதற்குப் புள்ளி எதுவும் வராது.

நீக்குவதுதான் பெரும்பாடு. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தது. போனை நிர்வகிக்கும் உரிமை பெற்ற ஆப்களின் பட்டியலான டிவைஸ் அட்மினில் அது தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அங்கே போய் டீஆக்டிவேட்டைத் தொட்டால், தொட்ட மறுநொடி திரை ஹோமுக்குத் தாவிவிடும். நாலு தடவை முயன்றேன், நாலு தடவையும் தாவியது. திரையைப் படிக்கிற ஆப்புக்கு நம் விரல் எங்கே போகிறது என்பதும் தெரியும், நமக்குப் பதிலாக அதுவே பட்டனை அழுத்தவும் முடியும். கடைசியில் கைகொடுத்தது சேஃப் மோட். பவர் மெனுவில் "பவர் ஆஃப்" என்பதை விடாமல் அழுத்திப் பிடித்தால் கேட்கும்; சில கம்பெனி போன்களில் வழி வேறு. அதில் நாமாகப் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அட்மினை எடுத்தேன், அன்இன்ஸ்டால் செய்தேன், ரெண்டே நிமிஷம்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். கோபத்தில் ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்கவில்லை. அடுத்தவர் போனில் அனுமதியில்லாமல் இப்படிச் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்கலாம் என்று போனபோது "ஆப் எங்கே?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆப்பின் பெயர், அனுமதிகள், போட்ட தேதி எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுத்த பிறகு கை வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஆப் போனதுமே வேவு பார்க்கிறவருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அதனால் ஆபத்தில்லை. கணவரோ உறவினரோ போட்டதாகச் சந்தேகப்படும் பெண்கள், பாதுகாப்பாக இருக்க ஓர் இடமும் துணைக்கு ஓர் ஆளும் உறுதியான பிறகு நீக்குவது நல்லது. அந்த இடத்தையும் ஆளையும் தேடும் வேலைக்கும் அந்தப் போனைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, தொலைந்தது என்று நினைத்தேன். மறு மாதமும் ரேட் கசிந்தது. அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், அதாவது என் கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன்: கூட்டாக இருந்த காலத்தில் என் வாட்ஸ்அப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தது அப்படியே இருந்தது, பிரிந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் அவர் பங்குக்குப் போனது. என் மெசேஜ் எல்லாம் அங்கே வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. கூகுள் கணக்கைத் திறந்தால் அது இன்னும் மோசம். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் ரெக்கவரி இமெயில் அவருடையது, ஏனென்றால் அந்த ஜிமெயிலை எனக்குத் தொடங்கிக் கொடுத்ததே அவர்தான்! ஆர்டர்களைக் கொண்டுபோனது ஆப்பா, அந்தக் கம்ப்யூட்டரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மனைவியின் போனிலிருந்து பாஸ்வேர்டு மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்தேன். பழைய பேக்கப்பைத் தொடாமல் ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அதற்குப் பின் கசிவு இல்லை.

பெகாசஸ் என்ற வேவு மென்பொருள் வந்திருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. அது அரசுகளுக்கு விற்கப்படும் சரக்கு, சேஃப் மோடில் சிக்காது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ மால்வேர் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை என்று 2022இல் சொன்னது. பீஸ் ரேட் தெரிந்துகொள்ள யாரும் அதைப் போட மாட்டார்கள். நமக்கு வருவது பத்து நிமிஷம் போனைக் கையில் வாங்கியவர் போட்ட ஆப்தான். ஐபோனில் ஜெயில்பிரேக் செய்யாத வரை, அதாவது ஆப்பிள் போட்ட பூட்டுகளை உடைக்காத வரை, இப்படி ஆப்பை ஒளித்து வைப்பது கடினம். அங்கே பெரும்பாலும் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டு தெரிந்தவர்தான் ஆள். ஐஓஎஸ் 16இல் வந்த சேஃப்டி செக், யாருக்கு என்ன போகிறது என்று ஒரே இடத்தில் காட்டுகிறது. மனைவியின் ஐபோனில் அதைத்தான் பார்க்கிறேன்.

இந்த மூன்று வருடமாக, மாதம் முதல் தேதி மின்கட்டணம் பார்க்கும் கையோடு வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களையும் வாங்கிப் பார்ப்பது வழக்கம். ஆக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட எந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது, லிங்க்டு டிவைசஸ். போனுக்கு ஐந்து நிமிஷம். கட்டிய ஆன்டிவைரஸ் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பேட்டர்ன் லாக்கையும் விட்டுவிட்டேன். பக்கத்தில் நிற்பவருக்கு விரல் போகும் கோடு மனப்பாடமாகிவிடும்.

போன மாதம் அப்பா போனில் ஒன்று மாட்டியது. வெளியிலிருந்து ஆப் போட வாட்ஸ்அப்புக்கு அனுமதி ஆன் ஆகியிருந்தது. கேட்டால், "யாரோ கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தாங்க, யார் வீட்டுதுன்னு பாக்கத் தெறந்தேன்" என்றார். பத்திரிகை என்று வந்தது ஏபிகே ஃபைல், திறந்தால் ஆப்பாகப் போனில் ஏறிவிடும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தது, ஓடிபி வந்தால் அதற்குத்தான் முதலில் தெரியும். இந்தத் தடவை நிதானமாகப் படம் எடுத்து வைத்துவிட்டு நீக்கினேன். பேங்கில் சொல்லி கார்டை நிறுத்தி, யூபிஐ பின் மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை.

அது யார் வீட்டுக் கல்யாணம் என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.