சி.பி.யா, எம்.ஏ.பி.யா: அறை பதிவு செய்யுமுன்

ஊட்டி விடுதிக்குப் போன் போட்டால், வாடகையோடு "சி.பி. வேண்டுமா, எம்.ஏ.பி. வேண்டுமா?" என்றும் கேட்பார்கள். சி.பி. என்பது கான்டினென்டல் பிளான்: அறையும் காலை உணவும். எம்.ஏ.பி., மாடிஃபைடு அமெரிக்கன் பிளான்: அவற்றோடு இன்னொரு வேளைச் சாப்பாடு, பெரும்பாலும் இரவு உணவு. அறை மட்டும் என்றால் ஈ.பி.; மூன்று வேளையும் என்றால் ஏ.பி.

ஊட்டி நகருக்குள் தங்குபவருக்கு சி.பி.யே போதும். சேரிங் கிராஸ் பக்கம் இறங்கி நடந்தால் இட்லி முதல் பிரியாணி வரை கிடைக்கும். எம்.ஏ.பி. எடுத்தவரோ தொட்டபெட்டாவில் இருந்தாலும் இரவு உணவு நேரத்துக்குள் ஓடிவர வேண்டும். சாப்பிடாத வேளைக்குப் பணத்தைத் திருப்பித் தருவது அபூர்வம்.

முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடி வேறு கதை. இருட்டிய பிறகு யானை நடமாடும் சாலையில் தோசை தேடிப் போக முடியாது. அங்கே எம்.ஏ.பி.தான் சரி, பேரம் பேசுவதானால் அறை வாடகையில் பேசுங்கள்.

இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இரவில் பஃபேயா, குறித்த உணவுதானா? கூட்டம் குறைந்தால் பஃபேயை நிறுத்திவிட்டு சப்பாத்தி, பருப்பு, ஒரு பொரியல் என்று முடித்துவிடும் இடங்கள் உண்டு. அடுத்து, பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணமா? கூடுதல் படுக்கை வேண்டாம் என்றாலும் எம்.ஏ.பி.யில் குழந்தையின் சாப்பாட்டுக்குத் தனியாகப் பில் வரலாம்.

மாலைத் தேநீர் சி.பி., எம்.ஏ.பி. இரண்டிலும் பெரும்பாலும் சேராது.