குறைந்த செலவில் காரைத் தாழ்த்துதல்: தலவாக்கலைப் பக்கத்துக் கராஜ் ஒன்றின் வேலை

தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் இடையே, ஹட்டன் – நுவரெலியா வீதியோரம் இருக்கும் ஒரு சிறிய கராஜில் என்னுடைய கொரோலா 110 காரைச் சுமார் 30 மில்லிமீற்றர் தாழ்த்திக்கொண்டேன். பாவித்த ஜப்பானிய ஸ்பிரிங் நான்கு, முன்பக்கத்துக்குப் புதிய ஷொக் அப்சோபர் இரண்டு, கழற்றிப் பூட்டும் கூலி ஆகிய எல்லாம் சேர்ந்தும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புதிய கொயிலோவர் தொகுதி ஒன்றுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலையில் பாதியை எட்டவில்லை. ஒரு தென்மேல் பருவமழைக் காலம் முழுவதும் அந்தக் காரிலேயே வேலைக்குப் போய்வந்த பின்னரே இதை எழுதுகிறேன். வேலை நேர்த்தியானது, விலை நியாயமானது. ஆனால் அந்தக் கராஜில் செய்ய முடியாத ஓர் அலுவல் மிச்சமிருக்கிறது, அதை வாடிக்கையாளரே வேறிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், இருக்கிற காரைத் திருத்தி வைத்துக்கொள்வதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1995இல் ஜப்பானில் அறிமுகமான இந்த 110 மாதிரியில் நான்கு சக்கரங்களுக்கும் ஸ்ட்ரட் அமைப்பு இருப்பதால், ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே கூட்டாகக் கழன்று வருகின்றன. கைதேர்ந்த மெக்கானிக்குக்கு இது எளிய வேலை. கூலி குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

மலிவாகத் தாழ்த்துவதற்கு நம் பக்கத்தில் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. எரிவாயுச் சுடரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமரவைப்பது அவற்றுள் ஆக மலிவானது, ஆக மோசமானதும்கூட. ஸ்பிரிங் உருக்கின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் கெட்டுவிடும், பிறகு பாரம் ஏற ஏற அது இன்னும் அமரும், அல்லது முறியும். கிரைண்டரால் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது இரண்டாவது வழி. ஆறு சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிகுதி ஐந்தின் விறைப்பு 20 வீதம் கூடுவதால், தாழ்ந்த காருக்கு அது ஓரளவு பொருந்தி வருவதுபோலத் தோன்றும். ஆனால் வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் ஒழுங்காக உட்காருவதில்லை; சக்கரம் குழிக்குள் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறவும் கூடும். கொழுந்து லொறிகள் உழுதுவிட்ட தோட்டப் பாதைகளில் சக்கரம் தொங்குவது அன்றாடம் நடப்பது என்பதால், இந்த வழியை இங்கே யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்றாவது வழி, தாழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட லோவரிங் ஸ்பிரிங்கைப் பாவித்த நிலையில் வாங்குவது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பொறுமையாகத் தேடுகிறவருக்கு அவை அகப்படும். என்னுடையவற்றைக் கராஜ்காரரே அங்கிருந்து எடுப்பித்துத் தந்தார்.

வேலையைத் தொடங்குமுன் கராஜ்காரர் செய்த முதற்காரியமே நம்பிக்கை தருவதாக இருந்தது. நிலத்திலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுமூடியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளவுநாடாவைப் பிடித்து, நான்கு மூலைகளின் அளவையும் சீமெந்துத் தரையில் சோக்கினால் எழுதிவைத்தார். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறுவதில்லை. இடது பின்பக்கத்துப் பழைய ஸ்பிரிங் முன்பே அமர்ந்து போயிருந்ததும் இதனால்தான் தெரியவந்தது. வந்துசேர்ந்த ஸ்பிரிங்குகளில் சிவப்புப் பூச்சு பாதிக்கு மேல் உரிந்திருந்தது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஒவ்வொரு சுற்றையும் டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உட்புறம் துரு ஆழமாக அரித்திருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, அதற்கு மாற்று வரும்வரை காரைத் தொடவேயில்லை. எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் செய்ததே சரி.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ்க்கையான லோவர் ஆர்மின் இறப்பர் புஷ்களுடைய போல்ட்டுகளை, காரை ஜெக்கிலிருந்து இறக்கி நான்கு சக்கரங்களிலும் பாரம் ஏறிய பிறகே அவர் இறுதியாக இறுக்கினார். கார் தூக்கி நிற்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறங்கியதும் புஷ்ஷின் இறப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரக்காரர்கள் தவிர்க்கும் வேலை இது. கார் மேடு ஏறும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வருகிறது என்று முறையிடுகிறவர்களில் சிலருடைய நோய்க்கு மூலம் இங்கேதான் இருக்கும்.

ஷொக் அப்சோபர் விடயத்தில் அவர் வளைந்துகொடுக்கவில்லை. முன்பக்கத்துப் பழைய ஷொக்குகள் இரண்டிலும் ஒயில் கசிந்திருந்தது; தண்டை விரலால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. விறைப்பான ஸ்பிரிங்கை இப்படிச் செத்த ஷொக்குடன் பூட்டினால், கார் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். ஈரமான வளைவில் டயர் வீதியை விட்டு எழும்புவது என்ன விளைவைத் தரும் என்று இந்தப் பக்கத்துச் சாரதிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கையில் இருக்கும் பணம் போதாதென்றால் ஸ்பிரிங்கைத் தள்ளிவைத்துவிட்டு ஷொக்கை மட்டும் முதலில் மாற்றுங்கள் என்று அவர் சொன்னது, தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பேச்சு. என் அபிப்பிராயமும் அதுவே.

50 மில்லிமீற்றர் தாழ்த்தலாமா என்று நான் கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். ஸ்ட்ரட் அமைப்பில் லோவர் ஆர்ம் நிலத்துக்கு ஏறக்குறைய சமாந்தரமாகவோ, வெளிமுனை சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் அதன் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. அப்போது கார் தாழ்ந்திருந்தும், வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயத் தொடங்கும். தவிர, ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் இறப்பரான பம்ப் ஸ்டொப்புக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையிலான பயணத்தூரம் சுருங்குவதால், ஐந்து பேரை ஏற்றினாலே பின்பக்கம் இடிக்கும்.

30 மில்லிமீற்றரில் கிடைத்த பலன் எனக்குப் போதுமானது. ரம்பொடை வளைவுகளில் கார் முன்போல் அலைபாயாமல் திரும்புகிறது. நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்குவீதியில் தாழ்ந்த கியரில் இறங்கும்போது, பிரேக்கை மிதித்ததும் மூக்கு குத்துவது குறைந்திருக்கிறது. இழந்ததும் உண்டு. எங்கள் லயத்துக்குத் திரும்பும் இடத்தில் பாதையைக் குறுக்கறுக்கும் கானை முன்பு நேராகக் கடந்தேன். இப்போது சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆட்களும் சாமான்களுமாக நிறைந்திருந்தால், எக்சோஸ்ட் குழாய் அங்கே உரசுகிறது. தோட்டத்துக்குள் குடியிருப்பவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். பட்டின வீதியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

கராஜின் குறை, வீல் அலைன்மன்ட் இயந்திரம் அங்கே இல்லாதது. ஸ்ட்ரட் உள்ள காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் சாய்வும் முன்னோக்கும் கோணமும் மாறியே தீரும். அதைத் திருத்தாமல் ஓடினால் டயரின் உள்விளிம்பு வெகு சீக்கிரம் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணம் டயருக்கே போய்விடும். நுவரெலியாவில் அலைன்மன்ட் செய்துகொண்டபோது வித்தியாசம் கணிசமாக இருந்தது. முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறங்கியதால் ஹெட்லைட் வெளிச்சமும் கிட்டவே விழுந்தது. அதையும் உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. இவை இரண்டையும் கராஜ்காரர் வாய்ச்சொல்லாகத்தான் சொன்னார். பற்றுச்சீட்டு கேட்டபோது தயங்கி, ஒரு கொப்பித் தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். பாகங்களுக்கு வேறு, கூலிக்கு வேறு என்று பிரித்து எழுதித் தருவது அவருக்கும் நல்லது.

காப்புறுதி நிறுவனத்துக்கு இந்த மாற்றத்தை எழுத்துமூலம் அறிவித்துவிடுவது அவசியம். விபத்து நடந்த பின் மதிப்பீட்டாளர் வந்து கண்டுபிடித்தால் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சிறிது ஓடிய பின் காரை மீண்டும் கொண்டுவரச் சொல்லி, கராஜ்காரர் எல்லாப் போல்ட்டுகளையும் கூலி வாங்காமல் இறுக்கித் தருகிறார். அதைத் தவறவிட வேண்டாம். கூரை போட்ட இடம் ஒரு காருக்கு மட்டுமே இருப்பதால் மழைக்காலத்தில் வேலை வரிசையாகத் தேங்கிவிடுகிறது. தொலைபேசியில் கேட்டு, ஸ்பிரிங் கைக்கு வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்ட பின்பே காரைக் கொண்டுபோய் விடுங்கள்.