ரோட்டுத் தூசியா, புகையா: எதை முதலில் குறைப்பது?

சேலத்தில் காற்று மாசு என்றாலே எல்லாரும் கைகாட்டுவது ரோட்டுத் தூசியைத்தான். லாரி போனதும் பைக் சீட்டில் படிகிற அந்தத் தூசி கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் தெளித்தால் அடங்குகிறது. 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் பணத்திலும் பெரும்பங்கு தூசிக்கே போனது, நகரங்களை மதிப்பிட்டதும் பி.எம்.10 அளவை, அதாவது 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களின் அளவை வைத்துத்தான். ஆனால் ரோட்டுத் தூசியின் பருமனான துகள் பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும்.

புகை அப்படியில்லை. விறகடுப்பு, குப்பை எரிப்பு, டீசல், நிலக்கரி எல்லாம் விடுவது பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கிறது. மேட்டூர் அனல் மின் நிலையம் மாதிரி நிலக்கரி எரியும் இடங்களில் வெளியேறும் கந்தக டை ஆக்சைடு காற்றில் போகப் போக சல்பேட் நுண்துகளாக மாறுகிறது, அதை எந்தத் தண்ணீர் லாரியாலும் பிடிக்க முடியாது. நாடு முழுக்கப் பார்த்தாலும் நுண்துகளின் மிகப் பெரிய காரணங்களில் ஒன்று வீட்டு விறகடுப்பு. ஏற்காட்டுக் காற்று சுத்தம் என்கிறோம், சரி, ஆனால் அங்கே ஈர விறகை ஊதி ஊதிச் சமைக்கிற அம்மா சுவாசிக்கும் காற்று வேறு.

இந்த 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. என் ஓட்டு புகையைக் குறைப்பதற்கே. முதலில் சிலிண்டர் விலை இறங்கட்டும், தெருமுனையில் குப்பை கொளுத்துவது நிற்கட்டும், தண்ணீர் தெளிப்பதை அப்புறம் பார்க்கலாம்.