டியூலிப் எம்பிராய்டரி ஊசி: காதுக்காகவே வாங்கலாம்

ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு தலையணை உறை, கைக்குட்டை என்று எதிலாவது பூ போட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்கு உள்ளங்கை நன்றாக வியர்க்கும். மற்றவர்களிடம் வருஷக்கணக்கில் உழைக்கும் ஊசி என் கையில் சீக்கிரமே கறுத்து, துணிக்குள் இறங்க முரண்டு பிடிக்கும். அதனால் ஊசி வாங்குவதில் கறாராக இருப்பேன். இப்போது என் கையில் இருப்பது ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராகும் டியூலிப் எம்பிராய்டரி ஊசி.

இதில் எனக்கு முதலில் பிடித்தது காது. சாதாரணத் தையல் ஊசிக்குச் சின்ன வட்டக் காது. எம்பிராய்டரி ஊசிக்கு நீளமான காது, பல இழைகளைச் சேர்த்துக் கோர்க்க வசதியாக. ஆனால் நீளம் மட்டும் இருந்தால் போதாது, உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். முன்பு வாங்கிய ஒரு மலிவுப் பாக்கெட்டில் காதின் ஓரம் கூராகவே இருந்தது. நூலை நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி நிரப்பும் சாட்டின் தையலில் ஒரு இதழை ஆரம்பிக்கும்போது நூல் பளபளக்கும், முடிக்கும்போது பஞ்சு பறந்து மங்கிப் போயிருக்கும். இப்படி ஆனால் பாவம், நூலைத்தான் குறை சொல்வோம். டியூலிப் ஊசியில் ஒற்றை இழைப் பட்டு நூலைக் கோர்த்து முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை. எந்த ஊசி வாங்கினாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

ஊசியின் உடலை நீளவாக்கில் மெருகேற்றியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. நெருக்கமான பருத்தித் துணியில் குத்தும்போது அது விரலுக்கே தெரிகிறது, தள்ள வேண்டியதில்லை.

சரி, எந்த எண் வாங்குவது? எண் கூடக் கூட ஊசி மெலியும். மெல்லிய ஊசி என்றால் நுணுக்கமான வேலை வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊசி போடும் துளை வழியாகத்தான் நூல் போக வேண்டும். துளை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தையலுக்கும் நூல் துணியில் உரசித் தேயும். ஊசி ரொம்பத் தடிமனாக இருந்தால் நூலைச் சுற்றி ஓட்டை தெரியும். ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையில் போடும்போது 10, இரண்டு இழைக்கு 8 அல்லது 9, மூன்றுக்கு 7, ஆறு இழையும் சேர்ந்தால் 3 அல்லது 4 என்று எடுக்கிறேன். துணி தடிமனாக இருந்தால் ஒரு எண் கீழே இறங்குவேன்.

ஊசியில் நூலைப் பல சுற்று சுற்றி, அந்தச் சுருளுக்குள் ஊசியை இழுத்து எடுக்கும் புல்லியன் முடிச்சு அதிகம் போடுபவர்களுக்கு இந்த ஊசி போதாது. காதுப் பக்கம் கொஞ்சம் புடைத்திருப்பதால் சுற்றிய நூல் அங்கே இறுகி நின்றுவிடும். அதற்கு மில்லினர்ஸ் ஊசிதான். நீளமாக, காது முதல் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருக்கும், சுருள் தடங்கலில்லாமல் நழுவி வரும்.

ஊசிகள் கார்க் வைத்த சின்னக் கண்ணாடிக் குழாயில் வருகின்றன. அழகுக்காக வைத்தது என்றுதான் நினைத்தேன், ஆனால் நல்ல உபயோகம். வேலை முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியில் ஊசியைத் துடைத்து அதில் போட்டுவிடுகிறேன். பல எண்கள் கலந்த குழாய் வாங்கினால் வெளியே எடுத்த பிறகு 8 எது, 9 எது என்று பார்வையில் பிரிப்பது கஷ்டம். ஒரே எண் உள்ள குழாயே மேல்.

கை வியர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசியைத் துணியில் குத்தியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். முலாம் தேய்ந்த இடத்தில் துரு ஏறி, துணியில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. லேசாகச் சொரசொரத்தால் எமரித் தூள் (தேய்த்து மெருகேற்றும் சொரசொரப்பான தூள்) அடைத்த குட்டி மெத்தையில் சில தடவை குத்தி எடுத்தால் போதும். தக்காளி வடிவ ஊசி மெத்தையோடு ஸ்ட்ராபெரி மாதிரி தொங்குமே, அது இதற்குத்தான். தினமும் வேண்டாம், முலாமும் சேர்ந்து தேயும். வளைந்துவிட்ட ஊசியை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், தையல் கோணும். அப்புறம், நூல் கோர்க்க முடியாமல் திணறினால் ஊசியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். காதை அழுத்தித் துளைப்பதால் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சுலபமாக நூலை வாங்கும்.

சாதாரணப் பாக்கெட்டைவிட விலை கூடுதல்தான். காம்புத் தையல், சங்கிலித் தையல், நிரப்புத் தையல் என்று துணியைக் குத்திப் போடும் வேலைக்கு யோசிக்காமல் வாங்கலாம். கட்டம் கட்டமாக ஓட்டையோடு நெய்த ஐடா துணியில் கிராஸ் ஸ்டிச் (பெருக்கல் குறித் தையல்) மட்டும் போடுபவர்களுக்குக் கூர்முனையே தேவையில்லை. 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) துணிக்கு 24ஆம் எண் மொட்டை முனை டேபஸ்ட்ரி ஊசியைத் தேடுங்கள்.