டிரெய்லர் ஜாக்கி: ஹைட்ராலிக்கா, ஸ்க்ரூவா?

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிய நாலு சக்கர டிரெய்லர் மொத்தம் 6 டன் என்றால் சக்கரத்துக்குச் சுமார் 1.5 டன். சாய்வில் அது கூடும். எந்த ஜாக்கியானாலும் 10 டன் வாங்குங்கள்.

ஹைட்ராலிக் ஜாக்கி சுளுவாகத் தூக்கும். சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து, தூக்கிய சுமை மெல்ல இறங்கும். அச்சுக்கடியில் மரக்கட்டை முட்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. மாதக்கணக்கில் படுக்கப் போட்டால் காற்றுப் புகுந்து சரியாக ஏறாமல் போகலாம்.

ஸ்க்ரூவுக்குக் கைவலி நிச்சயம். மரையில் நிற்பதால் தானாக இறங்காது, பராமரிப்புக்குக் கிரீஸ் போதும். ஆனால் டயர் உட்கார்ந்தபின் அச்சுக்கடியில் நுழையுமா? வீட்டிலேயே அளந்துவிடுங்கள்.

செம்மண் ஓரத்தில் இரண்டுமே புதையும், ஓரடிச் சதுரப் பலகை வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நட்டை இளக்கிய பிறகே தூக்குங்கள்.

தினமும் லோடு அடிப்பவருக்கு ஹைட்ராலிக். அறுவடைக்கு மட்டும் வண்டி எடுப்பவருக்கு ஸ்க்ரூ.